முப்பது மீட்டர்

மிதக்க வேண்டியதில் ஓட்டை போடுகிறாளே என்று
பரிசலைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்த மாதப்பன்
பிரஷ்ஷோடு எழுந்து வந்துவிட்டார்.
நாற்பத்தைந்து மில்லிமீட்டர்தான் என்றேன்.
"தண்ணி ஸ்கேல் வெச்சுப் பாத்தா உள்ள வருது?"

துளை, நீர்க்கோட்டுக்கு இரண்டு சாண் மேலே.
சுற்றிலும் சிலிக்கான். பிதுங்கியதை விரலால் வழித்தேன்.
திங்கட்கிழமை ஷிஃப்டிலும்
ஆள்காட்டி விரலில் அது ஒட்டியிருந்தது.

பதினொரு வருடம் ஓசூரில்
யாரோ ஓட்டப்போகும் கார்களுக்கு நரம்பு கட்டியிருக்கிறேன்.
கிரிம்ப் செய், இழுத்துப் பார், டேப் சுற்று, அடுத்தது.
கதவைத் திறந்ததும் எரியுமே ஒரு சின்ன விளக்கு,
அதன் வயர் நாளைக்கு நானூறு முறை என் கையில்.
வெளிச்சம் ஒருமுறைகூட மடியில் விழுந்ததில்லை.

பெங்களூர் கிளப் ஒன்றில் கழித்துப் போட்ட
பதினாறடிப் பாய்ப்படகு
மினி லாரியில் ஏரியூர் தாண்டி நாகமரைக்கு வந்து இறங்கியபோது
போனஸ், சீட்டுப் பணம், ஒரு ஜோடிக் கம்மல்
எல்லாம் தீர்ந்திருந்தது.

மின்வாரியத்தில் கேட்டார்கள்.
கதவு எண்?
இல்லை சார்.
சர்வே எண்?
தண்ணீர் சார்.
அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கடைசியில் மீன் சங்கத்து ஐஸ் அறைச் சுவர் கைகொடுத்தது.
அதில் ஒரு பெட்டி, உள்மீட்டர், கசிவு கண்டால் விழும் சுவிட்ச்.
எர்த்துக்கு ஆறடிக் குழி.
உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டியபோது
யாரைப் பொதைக்கிறீங்க என்றாள் மீன் கழுவ வந்த பாக்கியலட்சுமி.
வழி தவறிய கரண்ட் என் நெஞ்சு வழியே போகாமல்
நேரே மண்ணுக்குப் போக, என்று ஆரம்பித்தேன்.
அவள் கூடையோடு போய்விட்டாள்.

ஈரத்தில் வேலைக்கு ஒரு முறை உண்டு.
செருகும்போது படகு முதலில், கரை பிறகு.
கழற்றும்போது கரையை முதலில் விடு.
கேபிளை இழுத்துக் கட்டாதே, ஒரு தொங்கல் இருக்கட்டும்;
மழை அதன் வழியே இறங்கி
அடிவயிற்றில் சொட்டிப் போய்விடும், துளை வரை வராது.

ஆவணி, மூன்றாம் ஞாயிறு.
சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
டக். விழுந்தது.
மேலே ஏற்றினேன். சார்ஜரில் பச்சை.
படகின் கூரையில் விரல்நீள எல்.இ.டி.
அதற்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து
டிபன் பாக்ஸ் புளிச்சோறு தின்றேன்.
கடைசி வாய் எடுக்கும்போது
மாதப்பனின் போன் உள்ளே நீண்டது.
இருட்டுவதற்குள் ஏழு போன்கள், ஒரு டார்ச்,
யாருடையதென்றே தெரியாத ஒரு டிரிம்மர்.

அணையில் டெல்டாவுக்குத் திறந்திருந்தார்கள்.
மேலே மழை இல்லை.
ஒவ்வொரு ஞாயிறும் நான் பஸ்ஸில் இறங்குமுன்
கரை இறங்கியிருந்தது.
கார்த்திகையில் தொங்கல் போயிற்று.
மார்கழியில் கேபிள் கொடிக்கயிறு மாதிரி விறைத்தது,
யாரோ துண்டுகூடக் காயப்போட்டிருந்தார்கள்.
பொங்கலுக்கு வந்தபோது கழற்றினேன்,
கரையை முதலில்.

இப்போது ஐஸ் அறைக்கும் படகுக்கும் நடுவே
தட்டைப்பயறு இரண்டு இலை விட்டிருக்கிறது.
எதிரே பண்ணவாடிப் பக்கம் நந்தியின் தலை வெளியே.
நீரின் பின்னாலேயே படகைத் தள்ளித் தள்ளி
தோளில் தழும்பு.
பாய்க்கு வேண்டிய காற்று எங்கும் இருக்கிறது,
அதற்கு யாரும் படிவம் கேட்பதில்லை.
பேட்டரி மட்டும் ஒவ்வொரு ராத்திரியும்
கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் சங்கத்துச் சீட்டு வந்தது.
யூனிட் பூஜ்யம். பெட்டி வாடகை நாற்பது.
கட்டினேன்.
ஆடியில் தண்ணி ஏறுமா என்று கேட்டதற்கு
மாதப்பன் தார் டின்னைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸுக்குக் கால்மணி நேரம் இருந்தது.
பயற்றை மிதிக்காமல் வரப்பில் நடந்து போய்
பெட்டியின் மூடியைத் தூக்கி
பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.
டக்.